பாலத்துக்கு யாரும் வசூல் கேட்பதில்லை

வாசகர் கேள்வி – பதில்
(பதில் தருபவர், அரசுப் போக்குவரத்துக் கழகம் ஒன்றில் தடம் பிரிப்பதும் நேர அட்டவணை போடுவதுமாகப் பணிபுரிந்து ஓய்வு பெற்றவர்.)

கேள்வி: மக்கள்தொகை போதாது என்று கோவை, மதுரை மெட்ரோ திட்டங்களை மத்திய அரசு திருப்பி அனுப்பிவிட்டது. ஆக்ராவுக்கும் போபாலுக்கும் மட்டும் கொடுத்தார்களே? எங்கள் ஊருக்குத் தேவையில்லை என்று யார் முடிவு செய்வது?
– வாசகர், ஒண்டிப்புதூர், கோவை

முதலில் ஒரு சின்னத் தகவல். கோவைக்குப் போட்ட 39 கிலோமீட்டர் திட்டம் அவிநாசி ரோட்டையும் சத்தி ரோட்டையும் நம்பிப் போட்டது. திருச்சி ரோட்டில் இருக்கும் ஒண்டிப்புதூருக்கு அது வருவதாகவே இல்லை. அப்படியும் கோபப்படுகிறீர்கள் பாருங்கள், அந்த ஊர்ப்பாசம் எனக்குப் பிடித்திருக்கிறது.

சரி, விஷயத்துக்கு வருவோம். 2025 நவம்பரில் திட்டங்களைத் திருப்பி அனுப்பியபோது மத்திய அரசு காட்டிய முக்கியமான காரணம், 2017-ஆம் ஆண்டு மெட்ரோ ரயில் கொள்கையில் இருக்கும் 20 லட்சம் மக்கள்தொகை என்ற அளவுகோல். 2011 கணக்கெடுப்பின்படி கோவை மாநகராட்சி 15.84 லட்சம், மதுரை அதைவிடக் குறைவு. அதே கணக்கெடுப்பில் ஆக்ரா 15.85 லட்சம், போபால் 18 லட்சத்துக்குச் சற்றுக் கீழே. ஆக்ராவில் 2024 மார்ச்சிலேயே மெட்ரோ ஓட ஆரம்பித்துவிட்டது. மாநகராட்சி எல்லையோடு நிற்காமல் சுற்றியுள்ள நகர்ப் பகுதிகளையும் சேர்த்துப் பார்த்தால் கோவை அப்போதே 21 லட்சத்தைத் தாண்டியாயிற்று. 2011-இல் எடுத்த கணக்கை வைத்துக்கொண்டு இன்றைக்கு ஓர் ஊரை அளப்பதே பழைய அளவுச் சட்டைக்குத் துணி வெட்டுகிற கதைதான். ஆகவே உங்கள் கோபத்தில் நியாயம் இருக்கிறது.

ஆனால் 'ஆக்ராவுக்குக் கொடுத்தாயே' என்பது மேடைக்குச் சரி. ஆக்ராவுக்குக் கொடுத்ததே தப்பு என்று ஒருவர் சொல்லிவிட்டால் நம் வாதம் அங்கேயே முடிந்துபோகும். எங்கள் தொழிலில் கேட்கிற கேள்வி வேறு. காலை 9 மணிக்கு அவிநாசி ரோட்டில் ஒரு திசையில் எத்தனை பேர் போகிறார்கள்? வண்டிக் கணக்கு வேண்டாம், ஆள் கணக்கு வேண்டும். உட்கார்ந்தும் நின்றும் 65 பேர் போகும் பஸ்ஸை நிமிஷத்துக்கு ஒன்று என்று விட்டால் மணிக்கு 3,900 பேர். பஸ்ஸுக்குத் தனிப்பாதை ஒதுக்கி, ஸ்டாப்பில் மூன்று நான்கு பஸ் ஒரே நேரத்தில் நிற்க இடம் விட்டால் இதை இரண்டு, மூன்று மடங்காக்கலாம். அதற்கும் மேலே போனால் பஸ்ஸே பஸ்ஸை மறிக்கும். சென்னை மெட்ரோவின் நான்கு பெட்டி ரயிலில் நெருக்கி நின்றால் 1,200 பேருக்கு மேல் போகலாம். ஐந்து நிமிஷத்துக்கு ஒரு ரயில் என்றால் மணிக்கு 14,000-ஐத் தாண்டும். உங்கள் சாலையின் ஆள் கணக்கு இந்த இரண்டில் எதற்குப் பக்கத்தில் இருக்கிறது, இன்னும் இருபது வருஷத்தில் எங்கே போய் நிற்கும் என்பதில்தான் தேவை இருக்கிறது. மக்கள்தொகை என்பது அதற்கு ஒரு தூரத்துச் சொந்தம், அவ்வளவுதான். கன்னாபின்னாவென்று பரந்து கிடக்கும் 30 லட்சம் பேர் ஊரைவிட, ஒரே சாலையை நம்பி வாழும் 15 லட்சம் பேர் ஊருக்கு ரயில் அதிகம் தேவைப்படலாம்.

இதே அவிநாசி ரோட்டில் இன்னொரு வேடிக்கையைப் பாருங்கள். உப்பிலிபாளையத்திலிருந்து கோல்டுவின்ஸ் வரை 10.1 கிலோமீட்டர் மேம்பாலம், ஏறத்தாழ 1,790 கோடி ரூபாய், 2025 அக்டோபரில் திறந்தார்கள். திறந்த அன்று டி.வி.யில் பார்த்தேன். அதற்கு மக்கள்தொகை என்ன, வருமானம் எத்தனை சதவீதம், டிக்கெட் யார் எடுப்பார்கள் என்று எந்தத் தெருவிலும் பேச்சு எழுந்ததாக எனக்குத் தெரியவில்லை. பாலம் என்றால் 'வசதி', பஸ் என்றால் 'நஷ்டம்', ரயில் என்றால் 'தேவைதானா?'. கார் வைத்திருப்பவர் தேவை தானாகவே தேவையாகிவிடுகிறது. பஸ்ஸுக்கு நிற்பவர்தான் சாட்சிகளோடு வர வேண்டியிருக்கிறது.

2017-க்கு முன்னால் மெட்ரோவுக்கு 8 சதவீத நிதி வருமானம் பார்த்தார்கள். அதாவது போட்ட பணம் டிக்கெட்டிலும் வாடகையிலும் விளம்பரத்திலும் திரும்பி வருகிறதா என்ற கணக்கு. புதுக் கொள்கை அதை 14 சதவீதப் பொருளாதார வருமானம் என்று மாற்றியது. மிச்சமாகும் நேரம், பெட்ரோல், குறையும் விபத்து, புகை எல்லாவற்றுக்கும் ரூபாய் போட்டு, ஊருக்கு மொத்தமாக என்ன லாபம் என்று பார்ப்பது. யோசனை நல்லதுதான். ஆனால் இதற்குள் ஒரு முள் இருக்கிறது. மிச்சமாகும் நேரத்துக்கு எப்படி ரூபாய் போடுவது? சம்பளத்தை வைத்துத்தான் போடுவார்கள். பீளமேட்டில் கம்ப்யூட்டர் கம்பெனிக்குப் போகிறவரின் அரை மணி நேரம் கனமான தொகை. மார்க்கெட்டில் மூட்டை இறக்குகிறவரின் அரை மணி நேரம் சில்லறை. இருவரும் ஒரே பஸ்ஸில் தொங்கிக்கொண்டுதான் போகிறார்கள். இதனால் ஏழைப் பகுதிக்குப் போடும் தடம் காகிதத்தில் எப்போதும் இளைத்தே தெரியும். இதைச் சரிசெய்ய எல்லோருக்கும் ஒரே சராசரி போடுவது ஒரு வழி. நான் அந்தக் கட்சி.

கோவைக்கு மெட்ரோ வேண்டுமா என்று என்னைக் கேட்டால், அவிநாசி ரோட்டுக்கு வரும் என்றுதான் நினைக்கிறேன். ஆனால் இன்றைக்கே செய்யக்கூடியது பஸ்ஸுக்கு ஒரு பாதையை ஒதுக்குவது. அதைச் செய்து, அது நிரம்பி வழிவதைக் காட்டிவிட்டு ரயில் கேட்டால் எந்த டெல்லி அதிகாரியாலும் சுலபத்தில் மறுக்க முடியாது. திருச்சி ரோட்டுக்கும் அதுவே சீக்கிரம் வரும் வழி.

கேள்வி: ஐயா, எங்கள் கிராமத்துக்குக் காலை 6.40-க்கு ஒரு பஸ், ராத்திரி 8 மணிக்கு ஒரு பஸ். பள்ளி நேரத்துக்கு எதுவும் இல்லை. டிப்போவில் கேட்டால் 'வசூல் இல்லை அம்மா' என்கிறார்கள். மூன்று தடவை மனு கொடுத்தாயிற்று. எப்படித்தான் எழுதுவது?
– வாசகி, திருவண்ணாமலை மாவட்டம்

அம்மா, உங்கள் மனுவின் நகலை அனுப்பியிருந்தீர்கள். படித்தேன். 'எங்கள் கிராமத்திற்குப் பேருந்து வசதி இல்லாமல் பொதுமக்கள் மிகவும் அவதிப்படுகிறார்கள், ஆவன செய்யுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்', அதன் கீழே கையெழுத்துகள். இந்த மாதிரி மனுக்களை மூட்டை மூட்டையாகப் பார்த்தவன் நான். எல்லாமே உண்மைதான். ஆனால் மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பவருக்கு அதை வைத்துக்கொண்டு எதுவும் செய்ய வராது.

அவர் கையில் இருப்பது வேபில். கண்டக்டர் ஒவ்வொரு டிரிப்பிலும், ஒவ்வொரு ஸ்டேஜிலும் (கட்டணம் மாறும் நிறுத்தத்திலும்) டிக்கெட் எண்ணைக் குறித்துவந்த தாள். இப்போது மெஷினே அச்சடித்துத் தள்ளிவிடுகிறது. உங்கள் ஊர் ஸ்டேஜில் ஏழெட்டு டிக்கெட்தான் விழுகிறது என்று அதில் இருக்கும். அவர் பொய் சொல்லவில்லை. ஆனால் 6.40-க்கு பஸ் விட்டால் 6.40-க்குப் போக முடிந்தவர்கள்தான் ஏறுவார்கள். 9 மணிப் பள்ளிக்கு இதில் ஏறிப் போய், கேட் திறக்கும்வரை திண்ணையில் உட்கார்ந்திருக்கும் பெண் பிள்ளை அந்தத் தாளில் ஒரு டிக்கெட்டாகத்தான் தெரிவாள். சில பிள்ளைகள் ஷேர் ஆட்டோவில் போகிறார்கள், சிலருக்கு அப்பா வண்டியில் விட வேண்டியிருக்கிறது, பத்தாவதோடு நின்றவர்களும் இருப்பார்கள். இவர்கள் யாரும் தாளிலேயே இல்லை. ஏறாதவரைப் பற்றி வேபில் பேசாது. அதை நீங்கள்தான் பேச வேண்டும்.

ஒரு கோடு போட்ட நோட்டு வாங்குங்கள். டீக்கடையிலோ ரேஷன் கடையிலோ விவரம் தெரிந்த ஒரு பெண்ணை ஒரு வாரம் உட்காரவையுங்கள். வெளியூர் போகிற ஒவ்வொருவரிடமும் இவ்வளவுதான் கேட்க வேண்டும்: எங்கே போகிறீர்கள், எத்தனை மணிக்கு அங்கே இருக்க வேண்டும், இப்போது எதில் போகிறீர்கள், எவ்வளவு ஆகிறது, திரும்ப எப்போது. சந்தை நாளைத் தனியாகக் குறியுங்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் கர்ப்பிணிகளுக்குப் பரிசோதனை நடக்கும் நாளையும் விடாதீர்கள். அதற்கு அப்புறம் மனுவின் முதல் பத்தி இப்படி வரும்:

'எங்கள் ஊரிலிருந்து இத்தனை மாணவ மாணவியர் காலை 9 மணிக்குள் இந்தப் பள்ளியில் இருக்க வேண்டும். இவர்களில் இத்தனை பேர் 6.40 பேருந்தில் போய் இரண்டு மணி நேரம் காத்திருக்கிறார்கள். இத்தனை பேர் நாளொன்றுக்கு இத்தனை ரூபாய் கொடுத்து ஷேர் ஆட்டோவில் போகிறார்கள். மாலை 4.30-க்குப் பள்ளி விட்டதும் ஊர் திரும்ப எந்தப் பேருந்தும் இல்லை.'

இதில் 'புதுப் பேருந்து வேண்டும்' என்ற வரியே இல்லை, கவனித்தீர்களா? வேண்டுமென்றேதான் விட்டிருக்கிறேன். பஸ் வேண்டும் என்று ஆரம்பித்தால் 'வண்டி இல்லை, டிரைவர் இல்லை' என்று ஒரே வரியில் முடித்துவிடலாம். 9 மணிக்குள் பிள்ளைகள் பள்ளியில் இருக்க வேண்டும் என்று ஆரம்பித்தால், அதற்கு வழி என்ன என்று அவரே யோசிக்க வேண்டியிருக்கும். அந்த யோசனையில் நீங்களும் கொஞ்சம் கை கொடுங்கள். பக்கத்து ஊர்வரை வந்து திரும்பும் பஸ் எத்தனை மணிக்கு வருகிறது, அங்கே எவ்வளவு நேரம் நிற்கிறது என்று பார்த்து எழுதுங்கள். அங்கே கால் மணி நேரம் நிற்கிற வண்டியை உங்கள் ஊர்வரை நீட்டினால் கழகத்துக்கு டீசல் மட்டும்தான் கூடுதல் செலவு. புது ஷெட்யூல் போட வண்டியும் ஆளும் வேண்டும். நீட்டிப்புக்கு ஓர் உத்தரவு போதும். ஒன்று மட்டும், 6.40 வண்டியைத் தள்ளிப்போடும்படி கேட்டுவிடாதீர்கள். சித்தாள் வேலைக்கும் பூ கட்டவும் டவுனுக்குப் போகிறவர்கள் அதை நம்பியிருப்பார்கள். ஓர் ஊருக்குள்ளேயே சண்டை வந்துவிடும்.

மனுவோடு கிராம சபைத் தீர்மானத்தையும் இணையுங்கள். மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 என்று எது அடுத்து வருகிறதோ அன்று நோட்டைக் கொண்டுபோய்ப் படித்துக்காட்டித் தீர்மானம் போடச் சொல்லுங்கள். கழகம் முடியாது என்றால் மினி பஸ் இருக்கிறது. 1997-இல் வந்த திட்டத்தை 2025-இல் விரிவாக்கியிருக்கிறார்கள். பஸ் போகாத தடங்களுக்காகவே அது. ஆனால் தனியார் வண்டி என்பதால் பெண்களுக்கு இலவசம் கிடையாது, அதை ஊரில் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

கேள்வி: மோனோ ரயில் வருகிறது வருகிறது என்றார்களே, என்ன ஆயிற்று?
– வாசகர், வடபழனி, சென்னை

வரவில்லை. 2011-இல் சென்னைக்கு 111 கிலோமீட்டர் என்று அறிவித்தார்கள். டெண்டர், மறு டெண்டர் என்று ஓடி அடங்கிவிட்டது. வண்டியை முதலில் தேர்ந்தெடுத்துவிட்டு, அது ஓடத் தோதான சாலையைப் பின்னால் தேடிய திட்டம் அது. நீங்கள் இருக்கும் வடபழனி வழியாகப் பூந்தமல்லிக்குப் போக ஆட்கள் அன்றும் இருந்தார்கள், இன்றும் இருக்கிறார்கள். அதனால்தான் அதே பக்கத்துக்கு மெட்ரோவின் கலங்கரை விளக்கம் – பூந்தமல்லித் தடம் வந்தது.

கேள்வி: பறக்கும் ரயில் வருஷக்கணக்கில் காலியாக ஓடியதைக் கண்ணால் பார்த்தவன் நான். மெட்ரோ இரண்டாம் கட்டத்துக்கு 63,246 கோடி கொட்டுவதும் அந்தக் கதைதானே?
– வாசகர், மயிலாப்பூர், சென்னை

தூண்கள் மேல் ஓடும் மின்சார ரயிலான பறக்கும் ரயில், கடற்கரையிலிருந்து சேப்பாக்கம்வரை 1995-இல் ஓட ஆரம்பித்து, 1997-இல் உங்கள் மயிலாப்பூருக்கு வந்தது. நீங்கள் பார்த்தது உண்மை. எதிர்பார்த்த கூட்டத்தில் ஒரு சிறு பங்குகூட வரவில்லை. ஏன் என்று பார்த்தால் அந்தத் தடம் போன வழியே பதில் சொல்லும். பக்கிங்ஹாம் கால்வாயை ஒட்டியும் அதன் மேலேயும் தூண் நட்டார்கள், ஏனென்றால் அது அரசு இடம், யாரையும் காலி செய்யச் சொல்ல வேண்டாம். இடம் சுலபமாகக் கிடைத்த வழியில் ரயில் போயிற்று. ஆட்கள் ராயப்பேட்டை நெடுஞ்சாலையிலும் அண்ணா சாலையிலும் பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்தார்கள்.

ஸ்டேஷன்களோ கல்யாண மண்டபம் மாதிரி அகலம். மேலே ஏறினால் பாதி விளக்கு எரியாது, கடை கிடையாது, ஆள் நடமாட்டம் கிடையாது. சாயந்தரம் ஏழு மணிக்கு மேல் ஒரு பெண் தனியாக அந்தப் படிக்கட்டில் ஏற யோசிப்பார். கீழே இறங்கினால் வாசலில் பஸ் ஸ்டாப் இருக்காது. மயிலாப்பூரிலிருந்து பாரிமுனைக்குப் போகிறவருக்கு வீட்டு வாசலிலேயே பஸ் இருக்கும்போது அவர் ஏன் ரயிலைத் தேடிப் போக வேண்டும்?

2004-இல் திருவான்மியூர், 2007-இல் வேளச்சேரி என்று நீட்டிய பிறகு நிலைமை மாறியது. தரமணிப் பக்கம் கம்ப்யூட்டர் கம்பெனிகள் வந்து, வேலைக்குப் போகிறவர்கள் ஏற ஆரம்பித்தார்கள். ரயிலும் தண்டவாளமும் அதேதான். போக வேண்டிய இடம் புதிதாக முளைத்தது. வேளச்சேரியிலிருந்து பரங்கிமலைக்கு மிஞ்சிய ஐந்து கிலோமீட்டர், கடைசி அரைக் கிலோமீட்டர் நில வழக்கில் பத்து வருஷத்துக்கு மேல் நின்றது. தென்பக்கத்து மின்சார ரயிலோடும் மெட்ரோவோடும் சேரவேண்டிய முனை அது. அந்த முனை இல்லாமல் மீதியை எடைபோட்டதும் நியாயமில்லை.

மெட்ரோ அதே கதையா? இல்லை என்பேன். 2015-இல் கோயம்பேடு – ஆலந்தூர் என்று ஆரம்பித்தபோது அதுவும் காற்றுதான் வாங்கியது. தடங்கள் சேரச் சேர ஆள் சேர்ந்தது. 2023-இல் 9.11 கோடிப் பயணங்கள், 2024-இல் 10.52 கோடி. இரண்டாம் கட்டத்தின் 118.9 கிலோமீட்டரில் மூன்று தடங்கள். சோழிங்கநல்லூர், சிறுசேரி சிப்காட் என்று வேலை இருக்கிற இடத்துக்குப் போகின்றன. ஆனால் பணத்தை வகுத்துப் பாருங்கள், கிலோமீட்டருக்கு 530 கோடிக்கு மேல். மாநகரப் போக்குவரத்துக் கழகம் மூவாயிரத்துச் சொச்சம் பஸ்ஸை வைத்துக்கொண்டு தினமும் 30 லட்சம் பேரை ஏற்றி இறக்குகிறது. மெட்ரோ ஏற்றுவது அதில் பத்தில் ஒரு பங்கு அளவுக்குத்தான். மெட்ரோவுக்கு மறுப்புச் சொல்லவில்லை. ஒவ்வொரு புது ஸ்டேஷன் வாசலுக்கும் எந்த பஸ், எத்தனை நிமிஷத்துக்கு ஒன்று என்று இப்போதே திட்டத்தில் எழுதி, அதற்கும் பணம் ஒதுக்கட்டும். 2025 செப்டம்பரில் வந்த 'சென்னை ஒன்' செயலியில் பஸ், மெட்ரோ, மின்சார ரயில் மூன்றுக்கும் ஒரே டிக்கெட் எடுக்கலாம். பறக்கும் ரயில் காலத்தில் இப்படி ஒரு பேச்சே கிடையாது.

கேள்வி: போக்குவரத்துக் கழகங்கள் கோடிக்கணக்கில் நஷ்டம். இதில் பெண்களுக்கு இலவசம் வேறு. இப்படி ஓட்டுவதற்கு என்ன நியாயம் சொல்வீர்கள்?
– வாசகர், திருப்பூர்

திருப்பூரிலிருந்து இந்தக் கேள்வியா! பனியன் கம்பெனிக்குக் காலையில் எத்தனை பெண்கள் பஸ்ஸில் வருகிறார்கள் என்று உங்கள் ஊர் முதலாளிகளைக் கேளுங்கள்.

2021 மே மாதம் சாதாரணக் கட்டண டவுன் பஸ்களில் ஆரம்பித்த திட்டம் இது. ஒரு பெண்ணுக்கு மாதம் சராசரியாக 888 ரூபாய் மிச்சமாவதாக மாநிலத் திட்டக்குழு ஆய்வு சொன்னது. அந்தப் பணம் சீட்டுக்கும் காய்கறிக்கும் போகிறது. எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது வேறு. பெண்கள் ஒரே இடத்துக்குப் போய்த் திரும்புவது குறைவு. பிள்ளையைப் பள்ளியில் விட்டு, அங்கிருந்து வேலை, வரும்போது மருந்துக் கடை, அம்மா வீடு என்று நாலு இடம் இறங்கி ஏறுவார்கள். ஒவ்வொரு தடவையும் டிக்கெட் என்றால் அதில் இரண்டு இடம் நடந்துதான் போவார்கள், அல்லது போகவே மாட்டார்கள்.

நஷ்டத்துக்கு வருவோம். கட்டணத்தைக் கடைசியாக உயர்த்தியது 2018 ஜனவரியில். அப்போது டீசல் லிட்டர் 70 ரூபாய்க்குள். இன்றைக்கு 90-க்கு மேல். விலையைப் பிடித்துவைத்துக்கொண்டு நஷ்டம் என்று கழகத்தைத் திட்டுவதில் எனக்கு உடன்பாடில்லை. கட்டணத்தை உயர்த்த வேண்டாம் என்பது அரசின் முடிவு என்றால் வித்தியாசத்தை அரசு மாதாமாதம் கொடுத்துவிட வேண்டும். அரசிடம் எனக்கு இருக்கும் குறை வேறு: இலவசம் கொடுத்த வேகத்தில் வண்டி கூடவில்லை. சாதாரண பஸ்ஸுக்காக அரை மணி நேரம் நின்று, கடைசியில் டிக்கெட் எடுத்து வேறு பஸ்ஸில் போகும் பெண்ணுக்கு அது இலவசமே இல்லை.

கேள்வி: விமான நிலையத்திலிருந்து கிளாம்பாக்கத்துக்கு மெட்ரோ நீட்டிப்பு என்கிறார்கள். அதே ஜி.எஸ்.டி. ரோட்டுக்குப் பக்கத்தில் மின்சார ரயில் ஓடுகிறதே, எதற்கு இரண்டு?
– வாசகர், கூடுவாஞ்சேரி

இந்த வாரம் வந்ததில் கூர்மையான கேள்வி உங்களுடையதுதான்.

2023 டிசம்பர் 30-இல் கிளாம்பாக்கம் பஸ் நிலையத்தைத் திறந்தார்கள். தென் மாவட்டத்து பஸ்கள் கோயம்பேட்டை விட்டு இங்கே வந்துவிட்டன. ஆனால் திறந்த அன்று வாசலில் ரயில் நிலையம் இல்லை, ரயில் பாதைக்குப் போக நடை மேம்பாலமும் இல்லை. விடிகாலை நாலு மணிக்கு நெல்லையிலிருந்து அரிசிப் பையும் பிள்ளையுமாக வந்து இறங்கினவர், தண்டவாளம் கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில் இருந்தும், வண்டலூருக்கோ ஊரப்பாக்கத்துக்கோ போய்த்தான் ரயிலைப் பிடிக்க வேண்டியிருந்தது. இல்லாவிட்டால் ஆட்டோக்காரர் சொன்ன விலை.

இங்கே தேவை என்ன என்று ஒழுங்காக எழுதினால், 'இந்த நிலையத்தில் இறங்குகிறவர்கள் ராத்திரியிலும் விடிகாலையிலும் மூட்டை முடிச்சோடு நகருக்குள் போக வேண்டும்' என்று வரும். அதற்குப் பக்கத்திலேயே ஓடும் ரயிலை நிறுத்த ஒரு நிலையம், கூரை போட்ட பாலம், கடைசி ரயிலுக்கும் முதல் ரயிலுக்கும் நடுவில் இருக்கும் இடைவெளியை நிரப்ப பஸ். இவற்றைச் செய்ய எவ்வளவு, இவற்றைச் செய்த பிறகும் மிச்சமிருக்கும் கூட்டம் எவ்வளவு என்று பார்த்துவிட்டுத்தான் 15 கிலோமீட்டருக்கு மேல் போகும், 9,335 கோடி மதிப்புப் போட்டிருக்கும் மெட்ரோவுக்கு வர வேண்டும். பல்லாவரம், குரோம்பேட்டை, தாம்பரத்துக் கூட்டத்தைப் பார்த்தால் மெட்ரோவுக்கு ஆள் கிடைக்காது என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் அது ஜி.எஸ்.டி. ரோட்டுக்காரர்களின் தேவை, கிளாம்பாக்கத்தின் பெயரில் அதைக் கேட்பது கணக்கைக் குழப்பும். இரண்டுக்கும் நேரம் வேறு, ஆள் வேறு. தாம்பரம் – செங்கல்பட்டு தடத்தில் இன்னும் எத்தனை ரயில் கூடுதலாக விட முடியும் என்ற கணக்கை முதலில் தெற்கு ரயில்வேயிடமிருந்து வாங்கட்டும்.